கோயில்ல காசு விளையாட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் நம்ம ஆலய வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் சுத்துச்சு. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புப் பிள்ளைகள் மண்டபத்துல பாய் விரிச்சி உட்கார்ந்து, நடுவுல சில்லறையைக் கொட்டி வச்சி விளையாடுற படம். எடுத்துப் போட்டதே நாங்கதான். அதுக்குக் கீழே ஒரு பெரியவர், நாங்க ரொம்ப மதிக்கிறவர், "சாமி கும்பிடுற இடத்துல பிள்ளைகளுக்குக் காசு உருட்டக் கத்துக் கொடுக்குறீங்களா? தேவாரம் சொல்லிக் கொடுக்க நேரம் இல்லையா?"ன்னு கேட்டிருந்தார். அவர் எழுதினதுக்குப் பல பேர் கைகூப்பி ஆமோதிச்சிருந்தாங்க.

ஐயாவை நேரில் பார்த்துப் பேசிட்டோம். ஆனா அதே கேள்வி இன்னும் நிறைய பேர் மனசுல இருக்கும். அதான் இங்கே எழுதுறோம்.

இது ஏன் தொடங்குச்சுன்னு முதல்ல சொல்லிடுறோம். நம்ம வகுப்புக்கு ஒரு பெண் பிள்ளை வருது. ஒன்றாம் ஆண்டு படிக்குது. (அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறோம்.) அம்மா தினமும் ரெண்டு வெள்ளி கொடுத்து பள்ளிக்கு அனுப்புவாங்க. சாயங்காலம் பார்த்தா ரெண்டு வெள்ளியும் அப்படியே பையில இருக்கும். "என் மக சிக்கனம், ஒரு காசு வீணாக்க மாட்டா"ன்னு அம்மாவுக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தா அதுல கொஞ்சத்தை உண்டியல்ல போட வைப்பாங்க. நாங்களும் பாராட்டினோம். மத்த பிள்ளைகள் முன்னாடி நிக்க வச்சி எல்லாரையும் கைதட்டச் சொன்னோம்.

ஒரு ஞாயிறு அன்னதானம் கொஞ்சம் தாமதம். பசிக்குதான்னு கேட்டப்போ அந்தப் பிள்ளை சாதாரணமா சொல்லுச்சு: "பழகிப்போச்சு அக்கா. ஸ்கூல்ல நான் சாப்பிட மாட்டேன். கேன்டீன்ல எவ்வளவு கொடுக்கணும்னு தெரியாது. மீதி வருமா வராதான்னும் தெரியாது. லேட் ஆனா பின்னாடி நிக்கிறவங்க கத்துவாங்க. அதான் லைன்லயே நிக்க மாட்டேன்."

மாசக்கணக்கா ஒரு ஏழு வயசுப் பிள்ளை பையில காசை வச்சிக்கிட்டு பசியோட தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கு. நாங்க அதுக்குக் கைதட்டியிருக்கோம்.

அம்மாவைக் குறை சொல்லாதீங்க. அந்தப் பிள்ளை காசைக் கையாளவே வாய்ப்பு வரல. கடைக்குப் போனா அம்மா போனை நீட்டுறாங்க, "டிங்"னு ஒரு சத்தம், சாமான் பைக்குள்ள வந்துடுது. டோல்ல அட்டையைத் தட்டுறாங்க, கம்பி தூக்குது. நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ மூலைக்கடைக்கு ஓடி ஐஸ் கட்டியும் மிட்டாயும் வாங்கித்தான் காசு படிச்சோம். ஏமாந்தும் படிச்சோம். இன்னைக்கு எந்த அம்மா தனியா கடைக்கு அனுப்புறாங்க? அனுப்பவும் முடியாது. இப்ப நம்ம உண்டியல் பக்கத்துலயே கியூஆர் ஒட்டியிருக்கோம். ஒரு குட்டிப் பையன் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனதை நாங்களே பார்த்தோம்.

பள்ளியில சொல்லித் தரலியான்னா, தராங்க. ஒன்றாம் ஆண்டுக் கணிதத்துலயே பணம் ஒரு பாடம். ஆனா புத்தகத்துல இருக்கிறது படம். படத்துக்கு எடையும் கிடையாது, சத்தமும் கிடையாது, அழுக்கும் கிடையாது.

அதனால நாங்க நாலு பேர் சேர்ந்து சொந்தக் காசுல இருபது வெள்ளிக்குச் சில்லறை மாத்தினோம். (உண்டியல் காசை ஒருநாளும் தொடல. அதுக்குக் கணக்கு இருக்கு, பூட்டு இருக்கு.) விளையாட்டு ரொம்ப எளிமை: ஜோடி சேர்க்கணும். ஒரே மாதிரி காசை ஒரே மாதிரி காசோட வைக்கணும். அஞ்சு நிமிஷத்துல முடியும்னு நினைச்சோம். முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஏன்னு நீங்களே பையைத் திறந்து பாருங்க. 1989-ல வந்த பழைய காசும் 2012-ல வந்த புதுக் காசும் இன்னும் ஒண்ணா புழங்குது. பழைய இருபது காசு வெள்ளி நிறம், புது இருபது காசு தங்க நிறம். அதைவிட மோசம், பழைய இருபது காசு புது ஐம்பது காசைவிடக் கொஞ்சம் பெருசு! பெருசுதான் மதிப்புன்னு நம்புற பிள்ளை இருபதைக் கொடுத்து ஐம்பதுன்னு சண்டை போடும். இல்லைன்னா ஐம்பதைக் கொடுத்துட்டு இருபதுன்னு நினைச்சிக்கிட்டுப் பேசாம வந்துடும். புது அஞ்சு காசும் பத்து காசும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. கண்ணாடி போடாம எங்கள்ல ரெண்டு பேருக்கே தடுமாற்றம்.

அப்புறம்தான் புரிஞ்சது, ஒரே மாதிரி இருக்கிறதைச் சேர்க்கிறது வெறும் தொடக்கம். வேற மாதிரி இருந்தும் மதிப்பு ஒண்ணா இருக்கிறதைச் சேர்க்கிறதுலதான் பாடமே இருக்கு. பழைய இருபதும் புது இருபதும் ஜோடி. அஞ்சு பத்து காசும் ஒரு ஐம்பது காசும் ஜோடி.

இந்த ரெண்டாவது ஜோடியை ஒரு பையன் ஒத்துக்கவே இல்ல. ஆறு வயசு. தன்கிட்ட இருந்த அஞ்சு பத்து காசைக் கொடுத்து எங்க ஐம்பது காசை வாங்கிக்கச் சொன்னோம். "ஏமாத்துறீங்க! எனக்கு அஞ்சு இருக்கு, உங்களுக்கு ஒண்ணுதான்"ன்னு கையை மூடிக்கிட்டான். நாங்க விரல்விட்டு எண்ணிக் காட்டுறோம், பலகையில எழுதிக் காட்டுறோம், ம்ஹூம். எங்க குழுவுல பாலர் பள்ளி ஆசிரியை ஒருத்தர் இருக்காங்க. அவங்க சிரிச்சாங்க. பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் வில்லைகளை வச்சி இதைத்தான் சோதிச்சுப் பார்த்தாராம்: வரிசையை இழுத்து நீளமாக்கினாலே சின்னப் பிள்ளைகள் கூடிப்போச்சுன்னு சொல்வாங்களாம். "விளக்காதீங்க, வாங்க விடுங்க"ன்னாங்க. தட்டுல ரெண்டு முறுக்கு வச்சி, ஒண்ணு ஐம்பது காசுன்னு சொன்னோம். அவன் அஞ்சு காசையும் கொடுத்து ஒரு முறுக்கு வாங்கினான். நாங்க ஒரே காசைக் கொடுத்து ஒரு முறுக்கு வாங்கினோம். அவன் தன் முறுக்கைப் பார்த்தான், எங்க முறுக்கைப் பார்த்தான். கடிச்சிக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சான். அடுத்த வாரம் அவனே தங்கச்சிக்கு அதைச் செஞ்சு காட்டுறான்.

இப்ப ஐயா கேட்ட கேள்விக்கு வருவோம். "காசு உருட்டுறது"ன்னு அவர் சொன்னதுல ஒரு பயம் இருக்கு. அது நியாயமான பயம். தீபாவளிக்கு ஆங்பாவ் கைக்கு வந்ததும் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து சீட்டுல வைக்கிற பிள்ளைகளை எல்லாரும்தான் பார்த்திருக்கோம். நாலு நம்பர் கடை வாசல்ல அப்பா கையைப் பிடிச்சிட்டு நின்ன பிள்ளைதான் நம்மில் பல பேர். அதனால அவர் சொன்னதை வச்சி விதியை இறுக்கினோம். தாயம், பகடை கிடையாது. ஜெயிச்சவனுக்குக் காசு கிடையாது, தோத்தவன் காசு போகவும் போகாது. விளையாட்டு முடிஞ்சா எல்லாக் காசும் டப்பாவுக்குத் திரும்பணும், பிள்ளைகளே எண்ணிப் போடணும். மூணு வயசுக்குக் கீழ உள்ளவங்களைப் பாய் பக்கமே விடறதில்ல, வாயில போட்டுக்குவாங்க. முடிஞ்சதும் எல்லாரும் கை கழுவணும்.

ஆனா "கோயில்ல வேண்டாம்"னு சொல்றதை மட்டும் நாங்க ஏத்துக்கல. அர்ச்சனைச் சீட்டுக்குக் காசு கொடுக்கிறோம். நெய்விளக்குக்குக் கொடுக்கிறோம். பிள்ளை அதையெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் நிக்குது. கோயிலுக்கு வெளியில விளக்குக் கம்பம் முழுக்க ஆலோங் ஸ்டிக்கர், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடப்புத்தகம்தான். வீட்டுல பணம்னாலே அப்பாவும் அம்மாவும் குரலை உயர்த்துற பேச்சு. அமைதியா உட்கார்ந்து காசைப் பத்திப் பேச அந்தப் பிள்ளைக்கு வேற எந்த இடம் இருக்குன்னு சொல்லுங்க.

சிலர் "போன்லயே இந்த மாதிரி விளையாட்டு இருக்கே, ஏன் அழுக்குக் காசு?"ன்னு கேட்டாங்க. போட்டுப் பார்த்தோம். காசு வானத்துலேர்ந்து கொட்டுது. தப்பாச் சேர்த்தா இன்னும் மூணு வாய்ப்பு. எங்களுக்கு அது பிடிக்கல.

கைக்காசுல நாங்க எதிர்பார்க்காததும் வந்துச்சு. பழைய பத்து காசுல என்ன படம்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. நாங்க முழிச்சோம். பூ கட்டிக்கிட்டிருந்த பாட்டி எட்டிப் பார்த்து, "அட, பல்லாங்குழிடா!"ன்னாங்க. சொங்காக் பலகை அது, நம்ம பல்லாங்குழியோட சொந்தம். அஞ்சு காசுல பம்பரம். இருபதுல வெற்றிலைத் தட்டு. ஐம்பதுல வாவ் பட்டம். இவ்வளவு வருஷமா கையில புழங்கியும் நாங்க கவனிக்கவே இல்ல. இப்ப அதுவே இன்னொரு ஜோடி விளையாட்டு ஆயிடுச்சு: காசு ஒரு பக்கம், பம்பரமும் வெற்றிலைத் தட்டும் இன்னொரு பக்கம்.

அதே பாட்டிதான் ஒருநாள் மஞ்சள் துணியில காணிக்கை முடிஞ்சு வச்சதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாங்க. ஒரு பிள்ளை கேட்டுச்சு: "பஸ்ஸுக்குக் காசு இல்லன்னு சொன்னீங்க, முடிச்சுல இருக்கே?" பாட்டி சொன்னாங்க, "அது இருக்குய்யா, ஆனா அது என்னோடது இல்ல." சேமிப்பைப் பத்தி நாங்க அட்டையெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தோம். எடுக்கவே இல்ல.

பெரிய பிள்ளைகளுக்கு விலை அட்டை கொடுத்தோம். ஒருத்தன் 4.99-ஐப் பார்த்துட்டு, "ஒன்பது காசுக்கு நான் எங்க போவேன்?"ன்னான். சரியான கேள்வி. 2008 ஏப்ரல்லேர்ந்து ரொக்கமா கட்டினா மொத்தத் தொகையைப் பக்கத்து அஞ்சு காசுக்கு மாத்திடுவாங்க. 4.99 அஞ்சு வெள்ளி ஆகும், 4.97 ஆனா 4.95. "அப்ப நேராவே அஞ்சு வெள்ளின்னு எழுதலாமே அங்கிள், எதுக்கு 4.99?" கடைக்காரங்கதான் பதில் சொல்லணும்.

ஒரு ஒப்புதலும் இருக்கு. மூணாவது வாரம் டப்பாவுல ஐம்பது காசு குறைஞ்சது. பாயைத் தூக்கி உதறினோம், பிள்ளைகள் பாக்கெட்டைத் தடவலாமான்னு எங்கள்ல ஒருத்தர் கேட்டே விட்டார். நல்லவேளை செய்யல. கடைசியில நாலு வயசுக் குட்டி ஒண்ணு, "சாமிக்குப் போட்டேனே"ன்னு உண்டியலைக் காட்டுச்சு. நாங்க சொந்தப் பையிலேர்ந்து ஐம்பது காசு போட்டு, நோட்டுல "அம்மன் வரவு"ன்னு எழுதி வச்சிருக்கோம். பொருளாளர் கையெழுத்தும் போட்டுட்டார்.

அந்த ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையோட ஏழு ஞாயிறு கேன்டீன் விளையாட்டு விளையாடினோம். நாங்க ஆண்ட்டி, அது வாங்க வர்ற பிள்ளை. வேணும்னே மீதியைக் குறைச்சுக் கொடுப்போம். முதல்ல வாங்கிக்கிட்டுப் போயிடும். ஆறாவது வாரம் நின்னு, மெதுவா, "ஆண்ட்டி, இன்னும் முப்பது காசு"ன்னுச்சு. போன செவ்வாய் அம்மா குரல் பதிவு அனுப்பினாங்க. பையில ரெண்டு வெள்ளி இல்லையாம். ஐம்பது காசும், சட்டையில சம்பல் கறையும் இருந்துச்சாம்.

வகுப்பு வழக்கம்போல ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல. தேவாரம் முதல்ல, காசு அப்புறம். ஐயாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார். உங்க வீட்டு டப்பாவுல பழைய இருபது, ஐம்பது காசு கிடந்தா கொண்டு வாங்க, அதே மதிப்புக்கு மாத்திக் கொடுத்துடுறோம். பத்து காசு கூடுதலா தேவைப்படுது, பல்லாங்குழி படத்துக்குத்தான் இப்ப அடிதடி.