வருத்தம் சரி... மன்னிப்பு எங்கே?

பக்கத்து வீட்டில் ஒரு துக்கம் என்றால், போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வருவோம். அதற்கு நாம் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மன்னிப்பு அப்படியல்ல. அதைத் தப்பு செய்தவர்தான் கேட்க முடியும். இந்த வித்தியாசத்தை பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஜாலியன் வாலாபாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று, ஜெனரல் டயரின் உத்தரவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்கள் 379 பேர் என்று ஆங்கிலேய அரசே கணக்குச் சொன்னது. இந்தியத் தரப்பு சொன்ன கணக்கு அதைவிட மிக அதிகம். 1997-ல் எலிசபெத் ராணி அங்கே வந்து மலர்வளையம் வைத்தார். 2013-ல் வந்த பிரதமர் டேவிட் கேமரூன், 'மிகவும் வெட்கக்கேடான நிகழ்வு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நூற்றாண்டு வந்த 2019-ல் பிரதமர் தெரசா மே, நாடாளுமன்றத்தில் 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் எழுந்து, முழுமையான மன்னிப்பு வேண்டும் என்றார். அது மட்டும் வரவில்லை.

தான் பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கும் முன்பு நடந்த சம்பவம் என்பது, மன்னிப்பு கேட்காததற்கு கேமரூன் சொன்ன காரணங்களில் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே கேமரூன் 2010-ல் வேறு ஒரு மன்னிப்பு கேட்டிருக்கிறார். வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், 1972-ல் ஊர்வலம் போன மக்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றைக்கே 13 பேர் இறந்தார்கள். அப்போது கேமரூனுக்கு வயது 5. ஆனாலும், அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார். அப்படியானால், பிரச்னை வயதில் இல்லை!

பின்னே எதில்? 2019-ல் இது பற்றி நடந்த விவாதத்தில், வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த மார்க் ஃபீல்டு கொஞ்சம் வெளிப்படையாகவே பேசினார். மன்னிப்பு கேட்டால் பண விஷயமும் பின்னாலேயே வரலாம் என்பதை அரசு யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

அந்தக் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கென்யாவில் 1950-களில் மாவ் மாவ் எழுச்சியை அடக்க, ஆங்கிலேய நிர்வாகம் ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களில் அடைத்தது, சித்ரவதையும் நடந்தது. அதில் தப்பிப் பிழைத்த முதியவர்கள் சிலர், 2009-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 'சுதந்திரம் கொடுத்தபோதே பொறுப்பும் கென்ய அரசுக்குப் போய்விட்டது' என்று வாதாடியது பிரிட்டிஷ் அரசு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ரகசியம் வெளியே வந்தது. கென்யா உள்பட 37 பழைய காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள், ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பல பத்தாண்டுகளாகப் பூட்டிக்கிடந்தன. வேறு பல கோப்புகள், காலனிகளைவிட்டுக் கிளம்பும்போதே எரிக்கப்பட்டிருந்தன.

2013 ஜூனில் அரசு சமரசத்துக்கு வந்தது. 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1.99 கோடி பவுண்டு. சித்ரவதை நடந்ததை ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்தார் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக். சட்டப்படி பொறுப்பேற்க முடியாது என்பதையும் அதே அறிக்கையில் சொல்லிவிட்டார். 2023-ல் கென்யா போன மன்னர் சார்லஸ், அந்த வன்முறைக்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றார். அவரும் மன்னிப்பு கேட்கவில்லை.

சரி, பிரிட்டன் மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

அங்கே எப்போதுமே ஒரே கருத்து இருந்ததில்லை. 1920-ல் சர்ச்சிலே நாடாளுமன்றத்தில் டயரைக் கண்டித்துப் பேசினார். ஆனால், பிரபுக்கள் சபை டயர் பக்கம் நின்றது. 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை நிதி திரட்டியபோது, டயருக்காக வாசகர்கள் கொடுத்த பணம் 26,000 பவுண்டைத் தாண்டியது.

2014-ல் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், சாம்ராஜ்யம் பெருமைக்குரியது என்றவர்கள் 59 சதவிகிதம். வெட்கப்பட வேண்டியது என்றவர்கள் 19 சதவிகிதம். 2020-ல் வெளியான கணிப்பில் 'இரண்டும் இல்லை' என்ற பதிலையும் சேர்த்துக் கேட்டார்கள். பெருமை 32 சதவிகிதமாக இறங்கியது. வெட்கம் அதே 19-லேயே நின்றது. 37 சதவிகிதம் பேர் தேர்ந்தெடுத்தது, 'இரண்டும் இல்லை' என்பதைத்தான்!

இந்த 37 சதவிகிதத்தை வில்லன்கள் என்று சொல்ல முடியாது. ஆதாரக் கோப்புகளை எரித்தும் பூட்டியும் வைத்த ஓர் அரசின் கீழ் வளர்ந்தவர்களில், தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காதவர்களும் இருப்பார்கள். ஆனால், மக்களிடமிருந்து நெருக்கடி வராதவரை எந்தப் பிரதமரும் 'வருத்தம்' என்ற வார்த்தையைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைக்கப்போவதில்லை. டெர்ரியில் சுடப்பட்டவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. மன்னிப்பு வந்துசேர 38 ஆண்டுகள் ஆயின. ஜாலியன் வாலாபாக் அதைவிட மிக நீண்ட காலமாகக் காத்திருக்கிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மன்னிப்பால் என்ன மாறிவிடும் என்பவரா, அது கேட்கப்பட்டே ஆக வேண்டும் என்பவரா?