எட்டு போட்டால் போதுமா?

சாலையில் யாராவது அடிபட்டு விழுந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு நாலு பேராவது ஓடி வருகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒருவர் அக்குளில் கைகொடுக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, இடுப்பு தொய்ந்து தலை பின்னால் தொங்க, அடிபட்டவரை ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிப் போட்டு அனுப்பிவிடுகிறோம். கழுத்து முள்ளெலும்பில் முறிவு இருந்தால், அந்த ஒரு தூக்கலிலேயே எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். பிறகு ஆயுளுக்கும் கை கால் வராது.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021-ல் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்குப் பாயாதபடி மோட்டார் வாகனச் சட்டத்தையும் 2019-ல் திருத்தியாயிற்று. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரையான நிமிடங்களைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

கற்க வேண்டியது மலையளவு இல்லை. தீயோ, பாய்ந்து வரும் வண்டிகளோ இல்லையென்றால் அடிபட்டவரைக் கிடந்த இடத்திலேயே விட்டு, போக்குவரத்தைத் திருப்பிவிடலாம். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றக் கூடாது. மூச்சு தடைபடாதவரை ஹெல்மெட்டைப் பிடுங்கவும் கூடாது. வாந்தி எடுத்தால்? மல்லாந்து கிடப்பவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக் குரல் கொடுக்க, மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். இது படித்து வருவதில்லை. தரையில் ஒருவரைப் படுக்கவைத்துப் பழகினால்தான் வரும்.

பேருந்து நடத்துநர் உரிமம் கேட்டால் இங்கே முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். சொந்த வண்டிக்கு உரிமம் கேட்பவரோ எட்டு போட்டுக் காட்டினால் போதும். இது என்ன கணக்கு? ஓட்டுநர் உரிமத் தேர்வில் முதலுதவிச் செய்முறையையும் கட்டாயமாக்க வேண்டும். இன்னொரு சான்றிதழ் என்றால் புரோக்கருக்கு இன்னொரு வரும்படி என்று சிலர் சொல்லக்கூடும். ஆர்டிஓ அலுவலக வாசலில் நின்ற எவரும் அதை மறுக்க மாட்டார்கள். எனவே காகிதமே வேண்டாம். எட்டு போடும் அதே மைதானத்தில், ஆய்வாளர் கண்ணெதிரே, ஆளைப் புரட்டிக் காட்டட்டும்.

உரிம விதிகள் மத்திய அரசின் கையில் இருப்பதால் திருத்தம் தாமதமாகலாம். அதுவரை மாநில அரசு 108 பணியாளர்களைக் கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் நெடுஞ்சாலை டீக்கடைகளிலும் பயிற்சியைத் தொடங்கட்டும். விபத்து என்றால் முதலில் ஓடி வருபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.