பரிசு மேடை இல்லாமல் முடிந்த வுவெல்டா: சைக்கிள் பந்தயத்துக்குள் காஸா வந்தது எப்படி?

2025 செப்டம்பர் 14 இரவு, மாட்ரிட்டில் ஒரு கார் பார்க்கிங். குளிர்பானம் வைக்கும் ஐஸ் பெட்டிகள் சிலவற்றைத் தரையில் வைத்து, அதன்மேல் மூன்று பேர் ஏறி நின்றார்கள். டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோர், போர்ச்சுகலின் ஜுவாவ் அல்மெய்டா, பிரிட்டனின் டாம் பிட்காக். மூன்று வாரம் சைக்கிள் மிதித்து முதல் மூன்று இடம் பிடித்தவர்கள். அவர்களுக்கான நிஜ மேடை நகரின் மையத்தில் இருந்தது. ஆனால், அன்று அங்கே போக முடியவில்லை.

ஸ்பெயின் அரசு சொன்ன கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாலஸ்தீனக் கொடியோடு தெருவில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார் நிறுத்தப்பட்டும் தடுப்புகள் சரிந்தன. 22 போலீஸாருக்குக் காயம், இருவர் கைது. கடைசி ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் ஓட்டப்படாமலே பந்தயம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இது ‘வுவெல்டா அ எஸ்பானா’. டூர் டி பிரான்ஸ், ஜிரோ டி இத்தாலியா ஆகியவற்றோடு சேர்த்து உலகின் மூன்று பெரிய சைக்கிள் பந்தயங்களில் ஒன்று. மொத்தம் 21 ஸ்டேஜ். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவருக்குச் சிவப்பு ஜெர்சி. இவ்வளவு எளிமையான விளையாட்டில் அரசியலுக்கு என்ன வேலை?

யார் இந்த அணி?

போராட்டத்தின் குறி ஒரே ஒரு அணி: இஸ்ரேல்-ப்ரீமியர் டெக். இது இஸ்ரேலின் தேசிய அணி அல்ல, தனியார் அணி. வுவெல்டாவில் இந்த அணிக்காக ஓட்டிய எட்டுப் பேரில் இஸ்ரேலியர் ஒருவர்தான். ஒட்டுமொத்தமாக ஐந்தாம் இடம் பிடித்து, இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சியையும் ஜெயித்த மேத்யூ ரிச்சிடெல்லோ அமெரிக்கர்.

அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்? அணியின் பின்னணியில் இருந்தவர் சில்வன் ஆடம்ஸ் என்ற இஸ்ரேலிய-கனடியத் தொழிலதிபர். 2018 ஜிரோ டி இத்தாலியா ஜெருசலேமில் தொடங்கக் காரணமாக இருந்தவரும் இவரே. உலக மேடையில் தன் நாட்டுக்கான தூதர் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டவர். போராட்டம் சூடுபிடித்ததும், பணிந்து போகாததற்காக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அணியைப் பகிரங்கமாகப் பாராட்டினார். தனியார் அணி என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி எதிர்ப்பாளர்களிடமிருந்துகூட வந்திருக்காது. அடுத்து ஜெர்சியிலிருந்து ‘இஸ்ரேல்’ என்ற சொல் நீக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஏன் சைக்கிள்?

சைக்கிள் பந்தயத்துக்கு ஸ்டேடியம் கிடையாது, டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. வீட்டு வாசலில் நின்றபடி உலக சாம்பியனைப் பார்க்கலாம். அதுதான் இந்த விளையாட்டின் அழகு, அதுவே இதன் பலவீனமும். ஒரு நாளைக்கு 150, 200 கிலோமீட்டர் சாலைக்கு இரு பக்கமும் போலீஸ் போட எந்த நாட்டாலும் முடியாது.

டிக்கெட் வருமானம் இல்லாததால் அணிகள் ஸ்பான்ஸர் காசில்தான் ஓடுகின்றன. எனவே ஸ்பான்ஸரின் பெயரே அணியின் பெயர். ஒரு காலத்தில் லாட்டரி, சைக்கிள் கம்பெனிகள். இன்றோ யுஏஇ, பஹ்ரைன், கஜகஸ்தானின் தலைநகரான அஸ்தானா என நாடுகளும் நகரங்களும் ஜெர்சியில் வந்துவிட்டன. நல்ல பெயருக்காக நாட்டின் பெயரை ஜெர்சியில் ஒட்டும்போது, அந்த நாட்டின் மீதான கோபமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பந்தயம் எப்படிக் கலைந்தது?

ஐந்தாவது ஸ்டேஜில், ஃபிகேரஸ் நகரில், அணியின் பாதையைச் சிலர் மறித்தார்கள். செப்டம்பர் 3 அன்று பில்பாவோவில் நிலைமை முற்றியது. எல்லைக்கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே நேரத்தைக் குறித்துக்கொண்டு, இன்று வெற்றியாளர் இல்லை என்று அறிவித்தார்கள். விங்ககோரோடு சேர்ந்து முன்னால் பிரிந்து வந்திருந்த பிட்காக்குக்கு, ஒரு ஸ்டேஜ் வெற்றி கைக்கெட்டி நழுவியது. 15-வது ஸ்டேஜில் போராட்டக்காரர் ஒருவர் சாலையை நோக்கி ஓடிவந்த குழப்பத்தில் ஸ்பெயின் வீரர் ஹவியர் ரோமோ விழுந்தார். அடுத்த ஸ்டேஜில் விலகினார். அந்த அடுத்த ஸ்டேஜும் எட்டு கிலோமீட்டர் குறைக்கப்பட்டது. வாயடோலிட் டைம் டிரையல் 27.2 கிலோமீட்டரிலிருந்து 12.2 ஆனது.

இதனால் முடிவே மாறிவிட்டதா? டைம் டிரையலுக்கு முன் விங்ககோரின் முன்னிலை 50 விநாடி. குறைக்கப்பட்ட தூரத்தில் அல்மெய்டா 10 விநாடி மீட்டார். அதே வேகத்தில் முழுத் தூரமும் ஓட்டியிருந்தாலும் இருபது சொச்சம் விநாடிதான் கிடைத்திருக்கும். பிறகு போலா டெல் முண்டோ மலையில் விங்ககோர் வெற்றி பெற்று, மொத்தம் 1 நிமிடம் 16 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். ஆக, திறமையான ஆள்தான் ஜெயித்தார். ஆனால், ரோமோவைப் போல அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கொடுத்த விலை இந்தக் கணக்கில் வராது.

அணியை நீக்கியிருக்கலாமே?

நீக்க முடியாது என்பதுதான் சிக்கல். முந்தைய ஆண்டு தரவரிசையில் நல்ல இடம் பிடித்த இரண்டாம் நிலை அணிகளுக்கு, பெரிய பந்தயங்களில் நுழையத் தானாகவே உரிமை கிடைக்கும். இஸ்ரேல்-ப்ரீமியர் டெக் அந்த வழியில் வந்தது. அழைத்தது வுவெல்டா அல்ல. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐயின் விதி. பந்தயத்தின் தொழில்நுட்ப இயக்குநரே, அணி தானாக விலகிக்கொள்வதுதான் ஒரே வழி என்கிற தொனியில் பேசும் நிலைக்கு வந்தார். அணி மறுத்தது.

யுசிஐ, விளையாட்டு நடுநிலையானது என்றது. மறுத்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அப்படின்னா ரஷ்யா? 2022 மார்ச் மாதம், உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கி ஒரு வாரத்துக்குள், ரஷ்ய, பெலாரஸ் அணிகளை இதே யுசிஐ தடை செய்தது. காஸ்ப்ரோம்-ருஸ்வெலோ அணி அப்படித்தான் காணாமல் போனது. ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸும் இதே ஒப்பீட்டை எடுத்து, காஸா மீதான தாக்குதல் நிற்கும்வரை இஸ்ரேலுக்கு சர்வதேசப் போட்டிகளில் இடம் கூடாது என்றார். மாட்ரிட் ஸ்டேஜ் அன்று காலையே போராட்டக்காரர்களைப் பாராட்டியவர் அவர். அது வன்முறைக்கு ஊக்கம் கொடுத்தது என்று எதிர்க்கட்சிகள் சாடின. பெரிய போட்டிகளை நடத்தும் தகுதி ஸ்பெயினுக்கு இருக்கிறதா என்று யுசிஐ கேட்டது. ரஷ்யா கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் அங்கிருந்து வரவில்லை. காஸ்ப்ரோம் ரஷ்ய அரசு நிறுவனம், ஆடம்ஸ் தனி நபர் என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால், அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று விதிப்புத்தகத்தில் எழுதாதவரை, அடுத்த முறையும் அதைத் தெருவில்தான் போடுவார்கள்.

பிறகு என்ன ஆனது?

யுசிஐயால் முடியாததைப் பணம் முடித்துவைத்தது. அக்டோபரில் ஆடம்ஸ் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்குவதாக அறிவிக்கப்பட்டது. நவம்பரில் ப்ரீமியர் டெக் ஸ்பான்ஸர்ஷிப்பை விட்டு விலகியது. முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஆந்த்ரேஸ் இனியெஸ்டா இணை நிறுவனராக உள்ள என்எஸ்என் நிறுவனம் உள்ளே வந்தது. அணிக்கு இப்போது என்எஸ்என் என்று பெயர், உரிமம் சுவிட்சர்லாந்தில், முகாம் ஸ்பெயினில். எரித்ரிய நட்சத்திரம் பினியம் கிர்மாயும் சேர்ந்திருக்கிறார்.

2026 டூர் டி பிரான்ஸ் தொடங்கும் இடம் பார்சிலோனா. முதல் நாள் ஸ்டேஜ், அணிகள் தனித்தனியாகப் புறப்படும் டைம் டிரையல். ஃபிகேரஸில் மறிக்கப்பட்டதும் அதே வகை ஸ்டேஜ்தான். அதுவும் அதே கேட்டலோனியா மாகாணத்தில்.