பெறுபேறு யாருக்குரியது?

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்துக்கு இரகசியம் கிடையாது. பெண்ணொருத்தி மலையிலிருந்து இறக்கிவரும் கொழுந்து தராசில் ஏறுகிறது; நிறை, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஏறுகிறது; குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் என்பதை அந்தி சாயுமுன் அவள் அறிந்துவிடுகிறாள். கொழுந்து தூளாகிக் கொழும்புக்குச் சென்ற பின்னரும் கணக்கு ஓய்வதில்லை. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் எந்தத் தோட்டத்துத் தூள் என்ன விலைக்குப் போயிற்று என்பதைத் தரகர்கள் கிழமைதோறும் அச்சிட்டு வெளியிடுகின்றனர். கடல் கடந்த நாட்டு வணிகனும் உடப்புசல்லாவைத் தேயிலையின் சென்ற கிழமை விலையை அறிவான். ஆயின், அதே தோட்டத்துப் பாடசாலையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேர், அவருள் கணிதத்தில் சித்தியெய்தியோர் எத்தனை பேர், முதலாந் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளுள் பதினோராந் தரம் வரை வந்து சேர்ந்தோர் எத்தனை பேர் என்பன, பாடசாலை வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவில் லயத்தில் வாழும் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவிக்கப்படுவதில்லை.

தகவல் இல்லையென்று எவரும் சாதிக்க முடியாது. பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளைப் பாடவாரியாகப் பகுத்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் பாடசாலைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. எண்கள் பாடசாலையிலிருந்து வலயத்துக்கும், வலயத்திலிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து அமைச்சுக்கும் ஏறுகின்றன. ஏறியவை இறங்குவதில்லை என்பதே குறை. கீழே வந்து சேர்வது பதாகை ஒன்றுதான். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சில பிள்ளைகளின் படங்கள் சந்தியிலே தொங்குகின்றன. கற்பித்தோரின் பெயர்கள் அதனினும் பெரிய எழுத்தில் தொங்குகின்றன. படம் அச்சாகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்பதாகை சொல்வதில்லை. வென்றவரை மட்டும் காட்டி வகுப்பறையின் நிலையை மறைக்கும் இது விளம்பரமேயன்றி அறிவித்தலாகாது.

இம்மறைப்பு இன்று நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு புகுத்தப்பட்ட, பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் முறை, 1870 அளவில் இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வினவுவார், உதவிப்பணம் தீர்மானமாகும். அப்பெறுபேறு அரசுக்கும் முகாமையாளருக்கும் இடைப்பட்ட கணக்கு. பெற்றோர் அக்கணக்கின் எப்பக்கத்திலும் இல்லை. பின்னர் 1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்குங் கடப்பாட்டைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. ஆகவே பாடசாலையும் துரையின் உடைமைகளுள் ஒன்றாயிற்று. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. உடைமையாளர் மாறினார், பெற்றோர் வாயிலுக்கு வெளியே நிற்கும் வழக்கம் மாறவில்லை.

பெற்றோரைப் பாடசாலை அழைப்பதே இல்லையென்று சொல்லிவிட முடியாது. சிரமதானத்துக்கு அழைக்கிறது, சுவருக்கு வெள்ளையடிக்க அழைக்கிறது, விளையாட்டுப் போட்டிக்குப் பணம் சேர்க்க அழைக்கிறது. 2006ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் பெற்றோருக்கும் ஊராருக்கும் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இடமளித்தது. அவ்விடத்தில் அமர்பவருக்குப் பெறுபேற்றுத் தாளைக் காட்டாவிடின், அவர் எதைத்தான் அபிவிருத்தி செய்வது?

இதற்கு அதிகாரிகளும் ஆசிரியருட் சிலரும் கூறும் முதல் நியாயம், தோட்டத்துப் பெற்றோருக்கு இவை விளங்கா என்பது. நாகரிகமான சொற்களில் மறைந்து நிற்கும் அவமதிப்பு இது. சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தாவுக்கு எவ்வளவு, முற்பணத்துக்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று வரிவரியாகப் பார்த்து நியாயங் கேட்பவர்கள் இவர்கள். நாற்பது பிள்ளைகள் தோற்றிப் பதினொருவர் கணிதத்தில் சித்தியெய்தினர் என்பது அவர்களுக்கு விளங்காதாம்! விளங்கிவிடுமே என்ற அச்சமே உண்மைக் காரணமாக இருத்தல் கூடும்.

இரண்டாவது நியாயம் சற்று வலிமையுடையது. அதனைத் தட்டிக் கழிப்பது நேர்மையன்று. பெறுபேறுகளை வெளியிட்டால் பாடசாலைகள் வரிசைப்படுத்தப்படும், பலவீனமான பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னரே ஓரங்கட்டப்படுவர், ஆசிரியர் அவமானப்படுவர் என்கின்றனர். இங்கிலாந்து 1992 முதல் பாடசாலைத் தரவரிசைகளை வெளியிட்டுவந்தது. வேல்ஸ் 2001இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. தமிழ்நாட்டிலும் பொதுத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. இவை நன்றே. ஆனால் கைவிடப்பட்டது பந்தயம், கணக்கு அன்று. எந்தப் பிள்ளையின் பெயரும் புள்ளியும் பொதுச் சுவரில் ஒட்டப்பட வேண்டியதில்லை. எந்தப் பாடசாலை எத்தனையாவது இடம் என்றும் எழுத வேண்டியதில்லை. இப்பாடசாலை மூன்றாண்டுகளுக்கு முன் எங்கிருந்தது, இன்று எங்கிருக்கிறது என்பதே வேண்டப்படுவது. சேர்ந்தோர் தொகையையும் தோற்றியோர் தொகையையும் அருகருகே எழுதிவிட்டால், ஓரங்கட்டப்பட்ட பிள்ளைகள் தாமாகவே கணக்கில் வெளிப்படுவர்.

ஆசிரியரின் மானத்தைப் பற்றியும் ஒரு சொல். கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் கணிதப் பெறுபேறு தாழ்ந்திருந்தால் அத்தாழ்வு யாருடையது? அத்தாளிலேயே, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், பணியிலுள்ளோர் எத்தனை பேர், எப்பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பனவும் எழுதப்பட வேண்டும். அப்போது அது பிள்ளையின் பெறுபேறாக மட்டும் நில்லாது, அரசின் பெறுபேறுமாகிவிடும். பொறுப்பிலுள்ளோர் தயங்குவதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

மாவட்டச் சராசரி இதற்கு ஈடாகாது. நுவரெலியாவும் பதுளையும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்பட்டுத் தனி ஒதுக்கீடு பெறுகின்றன. வெளிமாவட்ட மாணவர் இங்கு பதிந்து அவ்வொதுக்கீட்டைப் பயன்படுத்துகின்றனர் என்னும் முறைப்பாடு நெடுநாளையது. மாவட்டத்தின் எண் உயர்ந்தாலும் உடப்புசல்லாவை லயத்துப் பிள்ளை உயர்ந்ததாக அது பொருள்படாது. பாடசாலை பாடசாலையாகக் கணக்குக் காட்டினாலன்றி யார் உயர்ந்தார் என்பது புலப்படாது.

தகவலை அறிந்தவுடன் எல்லாம் திருந்திவிடும் என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. பாக்கிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களில் நடந்த ஆய்வொன்றில், 2004இல், அவற்றுட் பாதியில் பிள்ளையின் புள்ளியும் பாடசாலைகளின் சராசரியும் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன; கற்றல் உயர்ந்தது, தனியார் பாடசாலைக் கட்டணங்கள் குறைந்தன. அங்கே பெற்றோருக்கு வேறு பாடசாலையும் அருகிலிருந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 2005-06இல் கிராமக் கூட்டங்கள் கூட்டித் தகவல் சொல்லப்பட்டபோது அரசுப் பாடசாலைகளில் மாற்றம் ஏதும் நிகழவில்லை. ஊர் இளைஞர் வாசிப்பு வகுப்புகளை நடத்திய இடங்களில் மட்டும் பயன் விளைந்தது. உடப்புசல்லாவையின் நிலை இரண்டாவதற்கே அண்மையது. மலைச்சரிவில் நடந்து செல்லும் தொலைவில் வேறு பாடசாலை இல்லாத தாய்க்குப் பாடசாலையை மாற்றும் உரிமை வெறும் ஏட்டுரிமை. கேட்பதொன்றே அவள் செய்யக்கூடியது. கேட்பதற்கும் தனியாள் போதாது.

ஒன்றுகூடிக் கேட்கும் பயிற்சி தோட்டத்துக்குப் புதிதன்று. ஆயின் கூட்டு ஒப்பந்தங்களில் ரூபாயையும் சதத்தையும் எண்ணிப் பேசிய தொழிற்சங்கங்கள், ஆசிரியர் வெற்றிடங்களை அவ்வாறு எண்ணிப் பேசியதுண்டா? கட்டடத் திறப்பு விழாவில் பொன்னாடைக்கு நின்ற தலைவர்கள், அக்கட்டடத்துள் விளைந்த பெறுபேற்றை ஒருமுறையேனும் மேடையில் வாசித்ததுண்டா?

சட்டம் துணை நிற்கவே செய்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் முதல் நடைமுறையிலுள்ளது. எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் தன் பிள்ளையின் பாடசாலை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய ஒரு தொழிலாளி விண்ணப்பம் எழுதி, பஸ் ஏறி, அலுவலகத்தில் காத்திருக்கவேண்டும் என்பது உரிமையைக் கொடுத்தும் கொடாத நிலையே. கேளாமலே தரப்படவேண்டியது இது.

ஒற்றைத் தாள் போதும். எளிய தமிழில், பெரிய எழுத்தில், பாடசாலைச் சுவரில் மட்டுமன்றிப் பெரட்டுக்களத்திலும் கோயில் முன்றிலிலும் அது ஒட்டப்படட்டும். எழுத்தறியா மூத்தோருக்காக அதிபரே ஆண்டுக்கொரு முறை அதனை வாசித்து, வினாக்களுக்கு விடையும் சொல்லட்டும். அக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கப்பட வேண்டும். வேலை நாளில் வைத்தால், பெற்றோர் ஒரு பேரை இழந்தே தம் பிள்ளைகளின் பெறுபேற்றைக் கேட்க நேரும்.