எழுத்து ஓடும் நேரம்

தியேட்டருக்குத் தாமதமாகப் போகிறவர்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "படம் போட்டாச்சாண்ணே?" என்பதுதான். "இப்பத்தான் எழுத்து ஓடிக்கிட்டிருக்கு" என்று பதில் வந்தால் அப்படியொரு நிம்மதி. கேன்டீன் பக்கம் ஒரு நடை போய்விட்டுக்கூட உள்ளே போகலாம். எழுத்து ஓடும் நேரம் படத்தில் சேர்த்தியில்லை என்பது நம்மூரில் எழுதாத சட்டம்.

அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் இதே கதைதான். அங்கே பல தியேட்டர்களில் திரைச்சீலையை விலக்காமல் அதன்மேலேயே டைட்டிலை ஓட்டிவிடுவார்கள். பெயரெல்லாம் முடிந்து முதல் காட்சி தொடங்கும்போதுதான் சீலை விலகும். 1955இல் ஆட்டோ பிரெமிங்கர் இயக்கிய 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' வெளியானபோது, பிலிம் பெட்டிகளோடு ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பும் போனது: டைட்டில் தொடங்கும் முன்பே சீலையை விலக்கிவிடவும். அந்த டைட்டிலைச் செய்தவர் சால் பாஸ். போஸ்டர், விளம்பர வடிவமைப்பு என்று இருந்து சினிமாவுக்குள் வந்தவர்.

அப்படி என்ன இருந்தது அதில்? கறுப்புத் திரையில் சில வெள்ளைப் பட்டைகள். எல்மர் பெர்ன்ஸ்டைனின் ஜாஸ் இசைக்கு ஒன்று மேலிருந்து இறங்குகிறது, இன்னொன்று பக்கவாட்டில் நுழைகிறது, இடையிடையே பெயர்கள். கடைசியில் பட்டை முறுக்கிக்கொண்டு கோணல்மாணலான ஒரு கையாகிவிடுகிறது. அவ்வளவுதான். படமோ ஹெராயினில் சிக்கிய ஒருவனின் கதை. டைட்டிலில் ஊசியும் இல்லை, நாயகன் சினாட்ராவின் முகமும் இல்லை. ஆனால் படத்தின் வலி முழுக்க அந்தக் கோணல் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

டைட்டில் என்பது அடிப்படையில் உழைத்தவர்களுக்குத் தீர்க்க வேண்டிய ஒரு கடன். யார் பெயர் முதலில், யார் பெயர் தனி கார்டில், எழுத்து எத்தனை பெரிது என்பதையெல்லாம் ஒப்பந்தங்களும் தொழிற்சங்க விதிகளும் தீர்மானிக்கின்றன. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்கத்தில் போடாமல் கடைசிக்குத் தள்ளியதற்காக இயக்குநர்கள் சங்கம் ஜார்ஜ் லூகாஸ் மீது பாய்ந்தது. அவர் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்தை விட்டே வெளியேறினார். ஒரு பெயர் எங்கே வருகிறது என்பதில் அவ்வளவு இருக்கிறது. இந்தக் கட்டாயத்துக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும் அளவுக்குத் திரையில் நிற்கவும் விட்டு, அதே இரண்டு மூன்று நிமிடத்தில் பார்க்க வந்தவனின் மனநிலையையும் மாற்ற வேண்டும். அதுதான் இந்தக் கலையின் கஷ்டம்.

இதில் கரைகண்டவை ஹிட்ச்காக்குக்காக பாஸ் செய்த மூன்று டைட்டில்கள். 'வெர்டிகோ'வில் (1958) ஒரு பெண்ணின் முகம், உதடு, பிறகு கண். திரை சிவக்கிறது, விரிந்த கண்ணுக்குள்ளிருந்து படத்தின் பெயரும், அதன் பின்னால் சுழன்றபடி சுருள்களும் கிளம்பி வருகின்றன. அந்தச் சுருள்களை உருவாக்க ஜான் விட்னி பயன்படுத்தியது, விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளுக்காகப் போர்க்காலத்தில் செய்யப்பட்ட கணிப்பு இயந்திரம். விமானத்தைச் சுட உதவிய இரும்பு, உயரம் கண்டு தலைசுற்றுபவனின் கதைக்குக் கோலம் போட்டது.

அடுத்த ஆண்டு 'நார்த் பை நார்த்வெஸ்ட்'. பச்சைத் திரையில் கோடுகள் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டம் கட்டுகின்றன. பெயர்கள் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்குகின்றன. வெறும் வரைபடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கட்டம் நியூயார்க் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சுவராக மாறி, அதில் கீழே போகும் கார்கள் நெளிகின்றன. கூட்டம் அலைமோதுகிறது. கடைசியில் ஹிட்ச்காக்கே ஓடிவந்து பஸ்ஸைத் தவறவிடுகிறார். எழுத்து எங்கே முடிந்தது, படம் எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

மூன்றாவது 'சைக்கோ' (1960). சாம்பல் பட்டைகள் படுக்கையாகவும் நெடுக்காகவும் சீறிப் பாய்கின்றன, பெயர்கள் துண்டாகின்றன, ஒரு கணம் சேர்கின்றன, மறுபடி உடைகின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் நரம்பைப் பிடித்து இழுக்கின்றன. கத்தி, ரத்தம், குளியலறை எதுவும் இல்லை. இருந்தும் முதல் காட்சியில் பகல் வெயிலில் ஒரு ஊரைக் காட்டும்போதே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கதையில் ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் கதையின் பயத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது! நல்ல டைட்டிலுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

அந்த அளவுகோலுக்கு நின்ற இன்னொன்று, டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995). கைல் கூப்பர் செய்தது. கொலைகாரன் வெகுநேரம் கழித்துத்தான் படத்தில் வருகிறான். ஆனால் டைட்டிலிலேயே அவன் கைகள் வந்துவிடுகின்றன: பிளேடால் விரல் தோலைச் சீவுகின்றன, நோட்டுப் புத்தகம் தைக்கின்றன. கையால் கீறிய எழுத்துகள் துடிக்கின்றன. இதில் ஒரு குறும்பும் உண்டு. அந்த வேடத்தில் நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் தொடக்க டைட்டிலில் கிடையாது. போட்டிருந்தால் ரகசியம் போயிருக்கும். கொடுக்க வேண்டிய கடனைப் படத்தின் கடைசியில் கொடுத்தார்கள்.

நம் பக்கம் வந்தால், டைட்டில் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 'அண்ணாமலை'யில் (1992) சுரேஷ் கிருஷ்ணா அறிமுகப்படுத்திய அந்த சூப்பர் ஸ்டார் கார்டு. புள்ளிப் புள்ளியாக ஒவ்வொரு எழுத்தும் ஒளிர, தேவாவின் இசைக்குத் தியேட்டர் எழுந்து நிற்கும். அதன் முன்னோடி ஜேம்ஸ் பாண்ட் படங்களின் துப்பாக்கிக் குழல் காட்சி. 1962இல் மாரிஸ் பைண்டர் நிஜத் துப்பாக்கியின் குழல் வழியாகவே படமெடுத்தது. இரண்டுமே அந்தப் படத்தின் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "வந்துட்டார்" என்று மட்டும் சொல்லும். அது ஒரு தனிக் கலை, அதற்கு நானும் விசிலடித்தவன்தான். ஆனால் நாயகன் கார்டுக்குக் கொட்டும் உழைப்பில் கால்வாசியாவது மற்ற பெயர்களுக்குச் செலவழிக்கிறோமா? சென்சார் சான்றிதழ், புகைபிடிக்காதே எச்சரிக்கை, பக்கம் பக்கமாக நன்றி கார்டு, பிறகு நகரத்தின் மேல் பறக்கும் ட்ரோன் ஷாட்டில் பெயர்கள். பாதிப் படங்களில் இதுதான் நடக்கிறது.

ஓடிடி தளங்களில் 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன் வந்த பிறகு டைட்டிலுக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தினம் ஒரு எபிசோட் பார்க்கிறவன் அதே டைட்டிலைத் தாண்டத்தான் செய்வான், அதில் தப்பில்லை. படம் வேறு, ஒரே ஒரு முறைதான் தொடங்குகிறது. செலவைச் சொல்லியும் தப்பிக்க முடியாது, 'சைக்கோ'வுக்குத் தேவைப்பட்டது சில கோடுகளும் நல்ல வயலினும்தான். படப்பிடிப்பெல்லாம் முடிந்து, ரிலீஸுக்கு முதல் வாரம் எடிட்டிங் அறையில் "அண்ணே, டைட்டில் மட்டும் பாக்கி" என்று சொல்லும் வழக்கத்தை விட்டு, கதை எழுதும்போதே அதற்கொரு ஆளை உட்காரவைத்தால் போதும். கேன்டீன் பக்கம் போனவர்கள் தானாக ஓடிவருவார்கள்.