முதலில் வாங்கியவனுக்குக் கொடுத்த வாக்கு

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பது நம்மவர் பழமொழி. தொலைக்காட்சியின் வரலாற்றைப் படிப்பவர்க்கோ இதில் ஓர் ஐயம் எழும். அந்தப் பந்திக்கு முந்தியவர்களுக்கு அரைவேக்காட்டுச் சோறே கிடைத்தது. பிந்தி வந்தவர்கள்தாம் பக்குவமான விருந்து உண்டார்கள். 1936-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பிரிட்டன், 405 வரிகள் கொண்ட படத்தை 1985 வரை சுமந்து திரிந்தது. பின்னால் வந்த நாடுகள் பல 625 வரிகளில் தெளிவான படத்தைக் கண்டன. ஆகவே, பிரிட்டன் அவசரப்பட்டு ஏமாந்தது என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரிக் கணக்கு

தொலைக்காட்சிப் படம் முழுவதும் ஒரே கணத்தில் அனுப்பப்படுவதில்லை. ஏடு படிப்பவனின் கண் வரிவரியாக ஓடுவதைப் போல, அக்காலக் கமிராவினுள் ஓர் எலக்ட்ரான் கற்றை படத்தை வரிவரியாக வருடிச் சென்றது. வீட்டிலிருந்த பெட்டியின் கற்றையும் அதே வரிசையில், அதே வேகத்தில் திரையின்மீது ஓடவேண்டியிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கோடுகளின் குழப்பமே மிஞ்சும். வானொலிக்கு இத்தொல்லை இல்லை. சென்னையில் வாங்கிய சிற்றலைப் பெட்டியில் அந்நாளில் கொழும்பையும் கேட்க முடிந்தது, லண்டனையும் கேட்க முடிந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோ ஒரு குறிப்பிட்ட தர அளவுக்கென்றே பிறந்தது.

405, 525, 625, 819 ஆகிய இவ்வெண்கள் எல்லாம் ஒற்றைப்படையாக இருப்பது தற்செயலன்று. படத்தின் 1, 3, 5 ஆகிய வரிகளை முதலில் அனுப்பி, 2, 4, 6 ஆகிய வரிகளைப் பிறகு அனுப்புவது வழக்கம். இதனால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரிவதில்லை. 405-ஐ இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொரு பாதிக்கும் 202½ வரிகள் வரும். அந்த அரை வரிதான் பின்பாதியை முன்பாதியின் இடுக்குகளில் பொருத்திவிடுகிறது. மேலும் 405 என்பது 3-ஐ நான்கு முறையும் 5-ஐ ஒரு முறையும் பெருக்கக் கிடைப்பது. அன்றைய வால்வுச் சுற்றுகள் அதிர்வெண்ணை இத்தகைய சிறு எண்களால்தான் நம்பகமாக வகுத்தன. 625-உம் ஐந்தின் நான்காம் அடுக்கே. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் நொடிக்கு 25 முழுப் படங்கள். 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் 30. மின்சாரத்தின் இரைச்சல் திரையில் நகரும் பட்டைகளாகத் தோன்றாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இரண்டு முறைகளின் போட்டி

செல்ஸ்டன் பிரபு தலைமையிலான குழு 1935-இல், குறைந்தது 240 வரிகளும் நொடிக்கு 25 படங்களும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பு தொடங்கியபோது, இரண்டு முறைகள் மாறிமாறிச் சோதிக்கப்பட்டன. ஒன்று ஜான் லோகி பெயர்டின் 240 வரி முறை. மற்றொன்று, ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் இ.எம்.ஐ. பொறியாளர்கள் உருவாக்கிய 405 வரி முறை.

பெயர்டின் முறையில் காட்சியை முதலில் பிலிமில் எடுத்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதைக் கழுவி, ஈரம் காயுமுன் வருடி அனுப்பினார்கள். தண்ணீர்க் குழாயும் இரசாயனத் தொட்டியும் இணைந்த கமிராவை இருந்த இடத்தைவிட்டு அசைக்க முடியாது. இ.எம்.ஐ.யின் எமிட்ரான் கமிராவோ தளத்தில் உருண்டு சென்று, காட்சியை அக்கணமே அனுப்பியது. 1937 பிப்ரவரியில் 405 வரி முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1926-இலேயே 30 வரிகளில் உருவத்தைக் காட்டி உலகை வியக்கச் செய்த முன்னோடி தோற்றதை எண்ண மனம் வருந்தத்தான் செய்கிறது. ஆனால் போட்டி வெளிப்படையாக நடந்தது. தொடக்கத்தில் விற்ற பெட்டிகளும் இரண்டு முறைகளையும் ஏற்குமாறு அமைந்திருந்தன. ஆகவே பொதுமக்கள் ஏமாற்றப்படவில்லை.

1946: தவறா, நேர்மையா?

போர் மூண்டதால் 1939 செப்டம்பர் 1 அன்று ஒளிபரப்பு நின்றது. அப்போது ஏறத்தாழ 20,000 பெட்டிகள்தாம் மக்களிடம் இருந்தன. இடையில், 1941-இல், அமெரிக்கா 525 வரிகளை ஏற்றுக்கொண்டது. போருக்குப் பின் எதைத் தொடர்வது என்று ஆராய்ந்த ஹாங்கி பிரபுவின் குழு, பழைய 405 வரிகளிலேயே தொடங்கலாம் என்றது. 1946 ஜூன் 7 அன்று ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியது.

‘வெறும் 20,000 பெட்டிகளுக்காக ஒரு நாட்டின் எதிர்காலத்தை அடகு வைப்பதா?’ என்பது எதிர்த்தரப்பாரின் வினா. வினா வலுவானதே. ஆயினும், புதிய முறையை வகுத்துச் சோதித்து நிறுவச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். குண்டுவீச்சில் சிதைந்து, உணவுக்கே பங்கீட்டு அட்டை வைத்திருந்த நாட்டில் அதற்கு வசதி ஏது? தவிரவும், அரசின் சொல்லை நம்பிப் பெரும்பொருள் கொடுத்து முதலில் பெட்டி வாங்கியவனை முதல் வாய்ப்பிலேயே கைவிட்டால், அடுத்த அறிவிப்பை எவன் நம்புவான்?

என் கருத்தில் பிழை 1946-இல் நேரவில்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நேர்ந்தது. 405 வரிகள் எதுவரை நீடிக்கும், அதன்பின் என்ன என்பதற்கு ஒரு திட்டம் வகுக்காமலே ஊர்தோறும் நிலையங்களை எழுப்பினார்கள். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவைக் காண மக்கள் முண்டியடித்துப் பெட்டிகள் வாங்கினார்கள். ஆயிரங்கள் இலட்சங்களாகப் பெருகியபின் மாற்றம் மலையாகிவிட்டது. 1964-இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை 625 வரிகளில் தொடங்கியது. அதன்பின் இருபது ஆண்டுகள் இரண்டு முறைகளும் அருகருகே இயங்கின. செலவு மிகுதிதான், ஆனால் எவர் வீட்டுத் திரையும் ஒரே இரவில் இருண்டுவிடவில்லை.

மறுபக்கம்

வாங்கியவனை மறந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிற்று. 1950 அக்டோபரில் அந்நாட்டு அரசின் தொலைத்தொடர்பு ஆணையம், சி.பி.எஸ். நிறுவனத்தின் வண்ண முறைக்கு இசைவளித்தது. சுழலும் வண்ணத் தட்டின் வழியே காணும் அப்படம் அழகாகவே இருந்தது. ஆனால் ஏற்கெனவே வீடுகளில் இருந்த பல இலட்சம் பெட்டிகளில் அது கறுப்பு வெள்ளையாகக்கூடத் தெரியாது. 1951 ஜூனில் தொடங்கிய ஒளிபரப்பு, கொரியப் போர்க்காலப் பொருள் கட்டுப்பாட்டைக் காரணமாகக் கொண்டு அக்டோபரிலேயே நின்றது. பழைய பெட்டிகளிலும் தெரியக்கூடிய வேறொரு வண்ண முறையே 1953 டிசம்பரில் ஏற்கப்பட்டது.

பிரான்சு வேறுவகைப் பாடம் தருகிறது. 1948-இல் அந்நாடு 819 வரிகளைத் தேர்ந்தது. தெளிவில் அதற்கு இணை அன்று இல்லை. ஆனால் ஓர் அலைவரிசைக்கு 14 மெகாஹெர்ட்ஸ் இடம் தேவைப்பட்டது. அமெரிக்க முறைக்கு வேண்டியது 6 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. நிலையங்களுக்கு இடம் போதவில்லை. அண்டை நாடுகளில் பெரும்பாலானவை பின்பற்றவுமில்லை. தன் இரண்டாம் அலைவரிசையைப் பிரான்சே 625 வரிகளில்தான் தொடங்கியது. சிறந்தது எதுவோ அதுவே நிலைக்கும் என்பது தொழில்நுட்பத்தில் எப்போதும் பலிப்பதில்லை.

நமக்குள்ள பாடம்

1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது நாம் 625 வரிகளைக் கைக்கொண்டோம். 1975-இல் சென்னைக்கும் அதுவே வந்தது. 1982-இல் வண்ணம் வந்தபோது, ஜெர்மனியில் உருவான ‘பால்’ முறையைத் தேர்ந்தோம். அதனால் கடன்பட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கியிருந்த குடும்பங்கள் வண்ண நிகழ்ச்சிகளையும் தம் பழைய பெட்டியிலேயே கண்டன. பிறர் கட்டிய பள்ளிக் கட்டணத்தில் நாம் பாடம் கற்றோம் என்றால் மிகையாகாது. பிந்தி வந்ததன் பயன் இது. அதற்காக முந்தியவர்களை எள்ளுவது நன்றியன்று.

இன்று அந்தப் பழைய ஒளிபரப்பு முறைகள் பெரும்பாலும் விடைபெற்று, எண்முறை ஒளிபரப்பு அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் தர அளவை வகுக்கும் வேலை ஓயவில்லை. ஒவ்வொரு புதுக் கருவியோடும் அது மீண்டும் தலைகாட்டுகிறது. நம்மில் சிலர் நாளை அத்தகைய குழுக்களில் அமரக்கூடும். அங்கே மூன்றை வலியுறுத்த வேண்டும் என்பேன். சோதனை வெளிப்படையாக நடக்கட்டும். புதியது வரும்போது பழைய கருவி வைத்திருப்பவனுக்கு வழி இருக்கட்டும். பழையது எந்நாளில் முடியும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கட்டும். முதல் இரண்டையும் பிரிட்டன் செய்தது. மூன்றாவதைக் காலத்தே செய்யத் தவறியது. வரிகளின் எண்ணிக்கையைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அதற்கான விலையைக் கொடுப்பவன், கடையில் பணத்தை எண்ணி வைத்துப் பெட்டியைத் தோளில் சுமந்து செல்லும் எளிய மனிதனே. அவனை அக்கணக்கில் சேர்க்காத தர அளவு எதையும் நாம் ஏற்கலாகாது.