கரன்ட் காருக்கு வளையலைக் கழற்றும் முன்



கார் வாங்குவது ஆம்பிளைங்க சமாச்சாரம், நமக்கென்ன என்று இந்தக் கடிதத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவது யார்? முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போகும் வளையல் யாருடையது? அதனால்தான் எழுதுகிறேன்.

என் மாமனார் பட்டுத்தறி நெய்தவர். என் கணவர் தறியை விட்டுப் பதினோரு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் என்று சுற்றிக் காட்டுவது, முகூர்த்தப் புடவை எடுக்க சென்னையிலிருந்து வருபவர்களை அழைத்து வந்து கொண்டுபோய் விடுவது, விமான நிலையம், சனிக்கிழமையானால் திருப்பதி. இதுதான் அவர் ஓட்டம். பழைய டீசல் வண்டி அடிக்கடி மெக்கானிக் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்ததும், போன வருஷம் ஒருநாள் சாப்பிடும்போது, "கரன்ட் கார் எடுக்கப் போறேன், உன் ஆறு பவுனைக் கொஞ்ச நாளைக்குக் கொடு" என்றார். என் மாமியார், "தீப்பிடிக்கிற வண்டிக்கா நகை?" என்று ஆரம்பித்து விட்டார். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "மூணு மாசம் பொறுங்க, கணக்குப் பார்த்துட்டுத் தரேன்" என்றேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் பால்காரர் கணக்கு, சீட்டுக் கணக்கெல்லாம் நான்தானே பார்க்கிறேன்?

பிள்ளையின் பழைய நோட்டில் தினமும் ராத்திரி அவர் ஓடிய கிலோமீட்டரை எழுதி வைத்தேன். 78 நாள் ஓட்டத்தில் 61 நாள் 180 கி.மீ.க்குள்தான் இருந்தது. சராசரி 150. விமான நிலையம் போய் வந்தால் 130 சுற்றி ஆகும். திருப்பதி போய், மலையும் ஏறி இறங்கி வந்தால் 250ஐத் தாண்டிவிடும். இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஷோரூமுக்கே போனோம்.

அங்கே சொல்லும் கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். டாடா டியாகோ மின்சார கார் 2022-ல் வந்தபோது 24 யூனிட் பேட்டரி வண்டிக்கு 315 கி.மீ. என்று சொன்னார்கள். அது சோதனைக் கூடத்துக் கணக்கு. ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளோடு பைபாஸில் போனால் ஒரு யூனிட்டுக்கு ஏழு கி.மீ. கிடைத்தாலே அதிகம் என்று ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். 24ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள், 168. வாடகை ஓட்டத்துக்கென்றே 2021-ல் வந்த எக்ஸ்பிரஸ்-டி வண்டியில் 21.5 யூனிட் பேட்டரிக்கு 213 கி.மீ. என்றுதான் சொன்னார்கள். பழைய வண்டியாக யாராவது விற்க வந்தால் எந்த பேட்டரி என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலேயே ஹூண்டாய்காரர்கள் மின்சார கார் செய்கிறார்கள். பெருமைதான், ஆனால் 2025 ஜனவரியில் வந்த அந்த கிரெட்டா எலெக்ட்ரிக் ஆரம்ப விலையே 18 லட்சத்துக்குப் பக்கம். நமக்கு எட்டாது.

பிறகு கரன்ட் பில். "கரன்ட் சும்மா மாதிரிதாங்க" என்றார் விற்பனைப் பையன். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வருவதை நினைத்துச் சொல்லியிருப்பார். தினம் 150 கி.மீ. ஓட 21 யூனிட் வேண்டும். மாதம் 26 நாள் ஓடினால் இரண்டு மாதத்தில் 1,100 யூனிட்டுக்கு அருகில் வந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினாலே தட்டு மாறுகிறது. 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 காசு. வீட்டுச் செலவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில், காருக்காக ஏறும் யூனிட்டுக்குச் சராசரியாகப் பத்து ரூபாய் விழுகிறது. அதாவது கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். டீசல் லிட்டர் 90 ரூபாய், வண்டி 18 கி.மீ. கொடுக்கிறது என்றால் கி.மீ.க்கு ஐந்து ரூபாய். ஆக ஒரு நாளைக்கு டீசலுக்கு 750, கரன்டுக்கு 225. மிச்சம் 525 ரூபாய்! சும்மா இல்லை, ஆனாலும் லாபம்தான். இந்த இடத்தில் எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஆசை வந்த நேரத்தில்தான் இன்னொன்றைக் காட்டினார்கள். பேட்டரியை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் திட்டம். 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9 லட்சத்து 99 ஆயிரம், ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் மூன்றரை ரூபாய் வாடகை என்று அறிவித்தார்கள். பேட்டரியோடு முழு விலை 13 லட்சத்து 50 ஆயிரம். பார்த்ததும் மூன்றரை லட்சம் மிச்சமாகிற மாதிரி தெரியும். மூன்றரையை 150ஆல் பெருக்கினேன். 525! டீசலில் மிச்சமாகிற அதே பணம். வாரத்தில் ஒருநாள் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு இந்தத் திட்டம் சரியாக இருக்கலாம். நாள் முழுக்க ஓடி வயிற்றைக் கழுவுகிறவர்களுக்குச் சரிப்படாது.

என் கொழுந்தனார், "சொந்தமா எதுக்கு அண்ணி, கம்பெனி காரை எடுத்து ஓட்டினா போச்சு" என்றார். டில்லிப் பக்கம் மின்சார கார்களை மட்டுமே ஓட்டிய ப்ளூஸ்மார்ட் என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்திவிட்டது. அவர்களுக்குக் கார் குத்தகைக்கு விட்ட ஜென்சோல் நிறுவனத்தின் கடன் பண விவகாரத்தில் செபி உத்தரவு போட்ட கையோடு அது நடந்தது. காரில் கோளாறு இல்லை, கணக்கில்தான் கோளாறு. ஆனாலும் வேலை போனது டிரைவர்களுக்கு. அதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் கடைசியாகக் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரத் தாமதமானது. பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் என்கிறார்கள். எது முன்னால் வருகிறதோ அது. எங்கள் ஓட்டத்துக்கு வருஷத்தில் 46,800 கி.மீ. ஆகிறது. மூன்றரை வருஷத்துக்குள் 1,60,000 முடிந்துவிடும். கடனோ ஐந்து வருஷம்! உத்தரவாதம் முடிந்த பிறகும் ஒன்றரை வருஷம் தவணை கட்ட வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி படுத்தால் என் ஆறு பவுன் போதுமா? "வாழ்நாள் உத்தரவாதம்" என்று விளம்பரம் பார்த்தால், அது சொந்தக் காருக்கு மட்டுமா, வாடகை வண்டிக்கும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது எதற்கும் ஆகாது.

சாதகமும் இருக்கிறது. மின்சார வாடகை வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று மத்திய அரசு 2018-லேயே விலக்கு கொடுத்துவிட்டது. பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து, அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கும் வரியை 18 சதவீதமாகக் குறைத்துவிட்டதால் முன்பிருந்த அளவு வித்தியாசம் இல்லை. என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. சத்தமே இல்லாததால் பின்சீட்டில் பாட்டிமார்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று இவர் சொல்கிறார்.

ஆமாம், கடைசியில் வாங்கிவிட்டோம். எட்டு மாதமாகிறது. வண்டிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி படுக்கிற மாதிரி, பேட்டரிக்கு முழு விலையும் கொடுத்து எடுத்தோம். நாலு பவுன்தான் கொடுத்தேன். இரண்டு என்னிடமே இருக்கிறது.

திருப்பதி மட்டும் இன்னும் தகராறுதான். ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது வழியில் ஒரு ஓட்டலில் இருந்த சார்ஜர் வேலை செய்யவில்லை. அடுத்ததைத் தேடிப் போய், மொட்டையடித்த குழந்தையோடு ஒரு குடும்பம் ஒன்றே கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தது. அவர்கள் திட்டவில்லை, ஆனால் மறுபடி கூப்பிடவும் இல்லை. இப்போது திருப்பதி சவாரியை டீசல் வண்டி வைத்திருக்கும் பங்காளிக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய உள்ளூர் சவாரியை வாங்கிக்கொள்கிறோம். இவருக்கு மனசே இல்லை. "பத்து வருஷத்து வாடிக்கை" என்று முணுமுணுக்கிறார்.

இன்னொன்று. எங்கள் தெருவில் வீடெல்லாம் தறி வீடு, குறுகலான வாசல். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரம் சார்ஜ் போடுவது ஆபத்து. மழை பெய்தால் தறிக்குழியிலேயே தண்ணீர் ஊறுகிற தெரு இது. எர்த் சரியாகப் போட்டு, வாசல் சுவரில் தனி பிளக் வைத்தோம். வாடகை வண்டிக்குத் தனி மின் இணைப்பு கேட்டு மின்வாரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த மீட்டர் வந்த பிறகு நோட்டில் புதுசாகக் கணக்குப் போட வேண்டும்.

- ஒரு குடும்பத் தலைவி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.